ஷோத்கங்கா: சேலம் வட்டார ஆய்வேடுகளுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடிக்கிறவர்களின் ஆய்வேடுகள் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் ஷோத்கங்கா. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிற இந்த இணையக் களஞ்சியத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. படிக்கக் கட்டணம் கிடையாது. நகர வளர்ச்சி, வட்டாரப் பொருளாதாரம், தொழில் புத்தாக்கம் ஆகியவற்றில் ஆய்வு முடித்தவருக்கு இந்தச் சேவை எதைச் செய்து தரும், எதைச் செய்யாது என்பதுதான் இந்த மதிப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆய்வேட்டைப் பாதுகாக்கவும் எவர் கைக்கும் எட்டும்படி வைக்கவும் இதைவிடப் பொருத்தமான இடம் நம் ஆய்வாளர்களுக்கு இல்லை. ஆனால் ‘வெளியிட்டாகிவிட்டது’ என்று எண்ணி இதோடு நிறுத்திக்கொண்டால் உழைப்பு பாதி வழியில் நின்றுவிடும்.

மற்ற துறைகளைவிட இந்தத் துறைக்கு அந்த இழப்பு பெரிது. பெங்களூரு, சென்னை போன்ற ஊர்களின் புத்தாக்கத்தை எண்ணிக் காட்டக் காப்புரிமைப் பட்டியல் இருக்கிறது, நிறுவனங்களின் ஆராய்ச்சிச் செலவுக் கணக்கு இருக்கிறது. சேலத்தில் நடப்பது அந்தக் கணக்குகளில் விழுவதில்லை. சேலம் உருக்காலை ஒன்றிய அரசின் எஃகு நிறுவனமான செயிலுடையது; அதன் தலைமையகம் டெல்லியில், ஆராய்ச்சி மையம் ராஞ்சியில். விண்ணப்பதாரர் முகவரியை வைத்துக் காப்புரிமைகளை எண்ணினால் உருக்காலையில் பிறந்த யோசனையும் வேறு ஊர்க் கணக்கில் போய்விடும். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கத்துக் கொலுசுப் பட்டறைகளில் பெரும்பாலானவை தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ் பதிவு பெறும் அளவுக்குப் பெரியவை அல்ல. ஆண்டுதோறும் எடுக்கப்படும் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு அவற்றைத் தொடுவதில்லை. புது இயந்திரம் ஒரு பட்டறைக்கு எப்படி வந்தது, அங்கிருந்து அடுத்த தெருவுக்கு எப்படிப் பரவியது, கூலிக்குச் செய்பவர் எப்போது சொந்தமாகத் தொடங்கினார் என்பதெல்லாம் நேரில் போய்க் கேட்டு எழுதிய ஆய்வேட்டில்தான் பதிவாகிறது. அந்த ஆய்வேடு கண்ணில் படாமல் போனால் அந்தத் தகவலை வேறு எங்கும் தேடி எடுக்க முடியாது.

ஏற்றும் முறை

2009-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த விதிமுறை, ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைப்பதைக் கட்டாயமாக்கியது. 2022 விதிமுறைப்படி, மதிப்பீடு முடிந்து பட்டம் அறிவிக்கப்படுவதற்கு முன்பே நிறுவனம் மின்படியை இன்ஃப்ளிப்நெட்டுக்குத் தந்துவிட வேண்டும். வழக்கமாக இதைச் செய்பவர் பல்கலைக்கழக நூலகத்தில் இதற்கெனப் பொறுப்பேற்றிருக்கும் ஒருங்கிணைப்பாளர். ஆய்வாளர் குறுந்தகட்டையோ பென் டிரைவையோ கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பிழைகள் நுழைவது இந்த இடத்தில்தான். என்ன கொடுக்கிறோமோ அதுதான் பல ஆண்டுகளுக்கு அங்கே இருக்கும். பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

ஆய்வேடு ஒரே கோப்பாகப் போவதில்லை. முகப்புப் பக்கம் 01, சான்றிதழ் முதலிய முன்பக்கங்கள் 02, பொருளடக்கம் 03, சுருக்கம் 04, முதல் இயல் 05 என்று எண்ணிட்டுத் தனித்தனிப் பிடிஎஃப்களாகப் பிரிக்க வேண்டும். பின்னிணைப்பும் தனிக்கோப்பு. முகப்பும் முடிவுரையும் சேர்ந்த ஒரு கோப்பு 80 என்ற எண்ணோடு போகும். அவசரத்தில் இருக்கும் வாசகர் பலர் திறப்பது இந்த 80-ஐத்தான். ஆகவே முடிவுரை தனியாக நின்று பொருள் தரும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘மேலே அட்டவணை 4.7-இல் கண்டபடி’ என்று எழுதினால் அந்த ‘மேலே’ வாசகர் கையில் இல்லை. எத்தனை பட்டறைகளைப் பார்த்தீர்கள், எந்த ஆண்டில், எந்தப் பகுதியில் என்பதை முடிவுரையின் முதல் பத்தியிலேயே இரண்டு வரியில் மறுபடி சொல்லிவிடுங்கள்.

கோப்பின் தரம் அடுத்த சிக்கல். அச்சிட்டுக் கையெழுத்து வாங்கிய படியை ஸ்கேன் செய்து அதையே ஏற்றுவது இன்னும் நடக்கிறது. ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். தேடுபொறிக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. சான்றிதழ்ப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். மற்றவை வேர்ட் கோப்பிலிருந்து நேராகப் பிடிஎஃப் ஆகட்டும். தமிழில் எழுதிய ஆய்வேடு என்றால் இன்னொரு படி கவனம் தேவை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள். டைப்பிங் சென்டரில் கொடுக்கும் முன்பே யூனிகோடில்தான் வேண்டும் என்று சொல்லிவிடுவது நல்லது. சோதித்துப் பார்ப்பது எளிது: பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் சரி. குறிகளாகக் கொட்டினால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத் திரும்பப் பிடிஎஃப் எடுக்க வேண்டும்.

குறிச்சொற்கள் விஷயத்தில் இந்தச் சேவையிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. பல பதிவுகளில் ‘சமூக அறிவியல், பொருளியல்’ என்ற பொதுவான தலைப்புகள் மட்டுமே குறிச்சொல்லாக நிற்கின்றன. ஊர்ப் பெயரும் தொழிலின் பெயரும் தலைப்பிலும் சுருக்கத்திலும் இருந்தாக வேண்டும். ‘தமிழ்நாட்டில் ஒரு தொழில் தொகுப்பு பற்றிய ஆய்வு’ என்று தலைப்பு வைத்தால், ஜவ்வரிசி பற்றித் தேடுகிறவருக்கு அது கிடைக்காது. மலைப்பகுதி பற்றிய ஆய்வென்றால் ஏற்காடு, சேர்வராயன் மலை, ஆங்கில வழக்கிலுள்ள ஷெவராய் என மூன்றையும் சுருக்கத்தில் ஒருமுறையாவது எழுதிவிடுங்கள். தேடுகிறவர் எந்தப் பெயரில் தேடுவார் என்று நமக்குத் தெரியாது.

பின்னிணைப்பைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நேர்காணல் கொடுத்த பட்டறைக்காரரின் பெயர், கைபேசி எண், அவர் சொன்ன கூலித்தொகை, வாங்கிய கடன் ஆகியவை வினாநிரல் நகலோடு அப்படியே பின்னிணைப்பில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. அச்சுப்படி நூலக அலமாரியில் கிடந்தவரை அதைப் பார்ப்பவர் சிலர்தான். ஷோத்கங்காவில் உலகமே பார்க்கலாம். அவருக்கு வெள்ளி கொடுக்கிற வியாபாரியும் பார்க்கலாம். நம்பிப் பேசியவருக்குக் கேடு வரக் கூடாது. நிரப்பாத வினாநிரலை மட்டும் இணையுங்கள். பட்டறைகளுக்கு ப1, ப2 என்று குறியீடு கொடுங்கள். புகைப்படத்தில் பெயர்ப்பலகை தெரிந்தால் வெட்டிவிடுங்கள்.

திருட்டுப்படிச் சோதனை

ஏற்றும் முன் மென்பொருள் சோதனை உண்டு. யுஜிசியின் 2018 விதிமுறைப்படி, ஏற்கெனவே வந்த எழுத்துகளோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய படியைத் தரவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மேற்கோள் குறிக்குள் சான்றோடு தந்தவை, நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை ஆகியவை கணக்கில் வரக்கூடாது. தொடர்ச்சியாக 14 சொற்கள் வரையிலான தற்செயல் ஒற்றுமையும் அப்படியே. அறிக்கை வந்ததும் சதவீதத்தை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். இந்த விலக்குகள் அமைப்பில் தேர்வு செய்யப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள்.

வட்டார ஆய்வில் ஒப்புமை ஏறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: ‘ஆய்வுப் பகுதி அறிமுகம்’ என்ற இயல். மாவட்டத்தின் அமைவிடம், மழை, ஆறுகள், தாலுகாக்கள் என்று முந்தைய ஆய்வேடுகளில் உள்ள அதே பத்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த இயலைச் சுருக்கி, உங்கள் கேள்விக்குத் தேவையானதை மட்டும் சொந்த வாக்கியத்தில் எழுதினால் சதவீதமும் குறையும், படிப்பவர் பொறுமையும் மிஞ்சும்.

ஹேண்டில் எண்ணும் உரிமமும்

ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் 10603 என்று தொடங்கும் ஹேண்டில் எண் கிடைக்கிறது. இது நிலையான இணைப்பு. தளத்தின் அமைப்பு மாறினாலும் இணைப்பு அறுந்துபோகாமல் இருப்பதற்கான ஏற்பாடு. ஆனால் இது டிஓஐ அல்ல; டிஓஐ என்பது கட்டுரைகளுக்கும் தரவுகளுக்கும் தரப்படும் நிலையான அடையாள எண். மேற்கோள் எண்ணிக்கையைத் தொகுக்கும் அமைப்புகள் டிஓஐயைத்தான் முதன்மையாகப் பின்தொடர்கின்றன. இந்தக் குறையைச் சரிக்கட்ட ஒரு வழி உண்டு. பெயர் நீக்கிய கணக்கெடுப்புத் தரவையும், வினாநிரலையும், மாறிகளின் விளக்கத்தையும் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் நடத்தும் ஸெனோடோ என்ற களஞ்சியத்தில் இலவசமாக ஏற்றலாம். ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடமுண்டு. ஏற்றியதும் டிஓஐ கிடைக்கும். அந்தப் பதிவில் ஷோத்கங்கா இணைப்பையும் ஆய்வாளருக்கான அடையாள எண்ணாகிய உங்கள் ஆர்சிட் எண்ணையும் சேர்த்துவிட்டால் மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும்.

ஷோத்கங்கா ஆய்வேடுகளுக்குரிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் பெயர் குறிப்பிடச் சொல்கிறது, வணிகப் பயன்பாட்டைத் தடுக்கிறது, மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிடச் சொல்கிறது. பதிப்புரிமை ஆய்வாளரிடமிருந்து போய்விடுவதில்லை. ‘ஷோத்கங்காவில் வந்துவிட்டதால் இதழ்கள் எடுக்காது’ என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. பெரிய இதழ் நிறுவனங்கள் பொதுவாக ஆய்வேட்டுக் களஞ்சியத்தை முன்வெளியீடாகக் கருதுவதில்லை. ஆனால் இதழின் ஒப்புமைச் சோதனையில் உங்கள் ஆய்வேடே பெரிய ஒப்புமையாக எழும். அனுப்புகைக் கடிதத்தில் ‘இக்கட்டுரை இன்ன ஆய்வேட்டின் இன்ன இயலிலிருந்து திருத்தி எழுதப்பட்டது’ என்று ஹேண்டில் எண்ணோடு முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஆசிரியர் குழு அதைச் சரியாகப் புரிந்துகொள்ளும். ஏற்கெனவே இதழில் வந்த கட்டுரையை ஆய்வேட்டில் சேர்த்திருந்தால், எந்தப் படியைச் சேர்க்கலாம் என்று அந்த இதழின் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும்.

இதழுக்குக் கொண்டுபோவது

இனி ஷோத்கங்கா செய்யாத வேலை. 300 பக்க ஆய்வேடு 8,000 சொல் கட்டுரையாக வேண்டும். ஓர் இயலை வெட்டி அனுப்பினால் திரும்பி வரும். ஆய்வேட்டின் இயல், தேர்வாளரிடம் ‘எனக்கு இதெல்லாம் தெரியும்’ என்று காட்ட எழுதியது. கட்டுரை, வாசகருக்குப் புதிதாக ஒன்றைச் சொல்ல எழுதுவது. அறுபது பக்க இலக்கிய மீளாய்வு ஆயிரம் சொல்லாகச் சுருங்க வேண்டும். கருதுகோள் அட்டவணைகளில் பெரும்பாலானவை போக வேண்டும்.

சேலத்து ஆய்வுகளில் வெளி மதிப்பீட்டாளர் முதலில் பிடிக்கும் ஓட்டை எல்லை. சேலம் என்றால் எது? 1994-இல் மாநகராட்சியான நகரமா, மாவட்டமா? 2011 கணக்கெடுப்பில் நகரத்தில் 8.29 லட்சம் பேர், மாவட்டத்தில் 34.82 லட்சம் பேர். அதோடு மாவட்டத்தின் எல்லையே மாறியிருக்கிறது: 1965-இல் தர்மபுரி பிரிந்தது, 1997-இல் நாமக்கல் பிரிந்தது. 1991 புள்ளிவிவரத்தையும் 2001 புள்ளிவிவரத்தையும் ‘சேலம் மாவட்டம்’ என்ற ஒரே வரிசையில் வைத்து வளர்ச்சி விகிதம் கணக்கிட்டால், தொழில் குறைந்ததுபோல ஒரு பொய்ச் சரிவு தெரியும். அது நாமக்கல் போனதால் வந்த சரிவு. பழைய எண்களைத் தாலுகா வாரியாக எடுத்து, இன்றைய எல்லைக்கு ஏற்ப மறுபடி கூட்ட வேண்டும். கடினமான வேலைதான், ஆனால் இதைச் செய்யாத கட்டுரை தேறாது.

ஜவ்வரிசித் தொழிலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆத்தூர் சேலம் மாவட்டத்தில், ராசிபுரம் நாமக்கல்லில். மரவள்ளி விளையும் நிலமும் ஆலைகளும் எல்லையின் இரு பக்கமும் பரவிக் கிடக்கின்றன. 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் கிடங்குக்கு உறுப்பினர்கள் சரக்கைக் கொண்டுவர, அது ரகசிய டெண்டரில் விற்கப்படுகிறது. இந்தச் சங்கத்தை ‘சந்தை வசதி’ என்று ஒரு பத்தியில் கடப்பதைவிட, தரம் பிரித்தலும் விலை கண்டறிதலும் ஒரே கூரையின்கீழ் நடப்பது சிறு ஆலைகளின் தொழில்நுட்ப முடிவை எப்படி மாற்றுகிறது என்று கேட்டால் அது ஒரு தனிக் கட்டுரை. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன், பின் என்ற ஒப்பீட்டுக்கும் இடமிருக்கிறது.

ஸ்மார்ட் சிட்டி பற்றிய ஆய்வேடுகளிலும் இதே கவனம் வேண்டும். சேலம் 2016-இல் ஒன்றிய அரசின் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் சேர்ந்தது. திட்டம் 2025 மார்ச் 31-உடன் முடிந்தது. ஈரடுக்குப் பேருந்து நிலையம் கட்டி முடிந்தது ஒரு கட்டுமானச் செய்தி. அதன் விளைவாக எந்த வட்டாரத்துக் கடைகளுக்கு ஆள்வரத்து கூடியது, எங்கே குறைந்தது என்பது ஆய்வுக் கேள்வி. பயனாளிகளின் ‘திருப்தி நிலை’யை ஐந்து புள்ளி அளவுகோலில் கேட்டு எழுதிய இயலைத் தரமான இதழ்கள் எடுப்பது அரிது.

எங்கே அனுப்புவது? ரீஜனல் ஸ்டடீஸ் அசோசியேஷன் 2014 முதல் நடத்தும் திறந்த அணுக்க (எவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய) இதழான ‘ரீஜனல் ஸ்டடீஸ், ரீஜனல் சயின்ஸ்’-இல் தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கெனத் தனிப் பகுதி உண்டு. வழிகாட்டும் ஆசிரியரோடு கட்டுரையைச் செப்பனிடும் ஏற்பாடு அது. ஆசிய நகரங்கள் என்றால் ‘என்விரான்மென்ட் அண்ட் அர்பனைசேஷன் ஆசியா’. கொள்கை சார்ந்த கள ஆய்வுக்கு மும்பையிலிருந்து வரும் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’. உங்கள் நூற்பட்டியலில் அடிக்கடி வரும் இதழ் எது என்று எண்ணிப் பார்த்தால் இலக்கு தானே தெரிந்துவிடும். அந்த இதழ்களைப் படிக்க, 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் பெரிய உதவி: 30 வெளியீட்டாளர்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத்தான் முதல் கட்டம். தனியார் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே அரசுப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருப்பவர்கள், வீட்டிலிருந்தே உள்நுழையும் கணக்கைப் பதிவு செய்த பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

காசுக்கு வெளியிட்டுத் தருபவர்கள்

‘ஒரு வாரத்தில் பிரசுரம் உத்தரவாதம்’ என்று கல்லூரிச் சுவர்களிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் விளம்பரங்களுக்கு ஒரு பைசாகூடத் தர வேண்டாம். பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற யுஜிசி கட்டாயம் 2022 விதிமுறையில் நீங்கிவிட்டது. தங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கத்தக்க இதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இன்றும் ‘கேர் இதழில் போட்டுத் தருகிறோம்’ என்று ஒருவர் சொன்னால் அவர் பழைய சரக்கை விற்கிறார்.

போலி இதழைக் கண்டுபிடிக்க மூன்று பார்வை போதும். இதழின் அடையாளமான எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் எண்ணைப் பாரிஸில் உள்ள பன்னாட்டு மையத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் இதழின் பெயரும் நாடும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆய்விதழ்த் தரவுத்தளமான ஸ்கோபஸில் உண்டு என்றால், ஸ்கோபஸின் மூலப் பட்டியலில் தேடி, அங்கிருந்து இதழின் தளத்துக்குப் போங்கள். விளம்பரத்தில் வந்த இணைப்பு வழியாகப் போகாதீர்கள், ஏனென்றால் நல்ல இதழின் பெயரிலேயே நகல் தளம் கட்டிப் பணம் பறிப்பது இப்போது அதிகம். பழைய கட்டுரை ஒன்றின் டிஓஐயைச் சொடுக்கி அது உண்மையிலேயே திறக்கிறதா என்று பாருங்கள். இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் இம்பாக்ட் ஃபாக்டரைக் கணக்கிடுவது கிளாரிவேட் என்ற ஒரே நிறுவனம். வேறு பெயரில் வரும் ‘ஃபாக்டர்’களுக்கு மதிப்பில்லை.

பட்டம் அறிவிக்கப்பட்ட கையோடு ‘உங்கள் ஆய்வேட்டை இலவசமாகப் புத்தகமாக்குகிறோம்’ என்று வரும் மின்னஞ்சல்களும் இதே வகை. மதிப்பீட்டாளர் கிடையாது, செப்பனிடுதல் கிடையாது. ஆய்வேட்டுப் பிடிஎஃப்புக்கு அட்டை போட்டு அதிக விலைக்கு விற்பார்கள். உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு நல்ல பதிப்பகம் தொடத் தயங்கும். நூலாக்குவதே எண்ணம் என்றால் சிறு நூல் வரிசைகள் ஆய்வாளருக்கு ஏற்றவை: ஸ்பிரிங்கர் பிரீஃப்ஸ் 50 முதல் 125 பக்கம், பால்கிரேவ் பிவட் 25,000 முதல் 50,000 சொற்கள். முழு ஆய்வேட்டைக் கேட்காமல் ஒரு வாதத்தைக் கேட்பவை இவை. முன்மொழிவு, இயல் சுருக்கம், மாதிரி இயல் ஆகியவற்றை அனுப்ப வேண்டும். திறந்த அணுக்கம் கேட்டால் தவிர, ஆசிரியரிடம் பணம் வாங்குவது முறையான பதிப்பகத்தின் வழக்கம் இல்லை. நூல் திட்டம் உறுதியாக இருந்தால், ஆய்வேட்டைச் சில காலம் மூடிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் ஏற்றும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஏற்றிய பிறகு கேட்பது தாமதம்.

இன்னொரு வேலை இருக்கிறது, அதற்கு எந்தத் தளமும் தேவையில்லை. நான்கு பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் ஒன்று எழுதி, மாவட்டத் தொழில் மையத்துக்கும், மாநகராட்சிக்கும், நேர்காணல் கொடுத்த சங்கங்களுக்கும் அச்சுப்படியாகக் கொடுங்கள். அட்டவணை இரண்டு, வரைபடம் ஒன்று போதும். ஷோத்கங்கா இணைப்பைக் கியூஆர் குறியாகக் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டுவிடுங்கள். முழு ஆய்வேட்டைப் பார்க்க விரும்புகிற பட்டறைக்காரர் கைபேசியிலேயே திறந்துகொள்வார்.